இப்னு ரிள்வானின் நைஸக்

கி.பி. 1006 ஏப்ரல் இறுதியில் தென்வானில் தோன்றிய சூப்பர்நோவாவே வரலாற்றில் பதிவானவற்றுள் மிகவும் ஒளிமிக்கது என்பர் வானியலார். அதைக் கண்டு எழுதியோருள் எகிப்திய மருத்துவர் அலீ இப்னு ரிள்வானும் ஒருவர். ‘சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்த முஸ்லிம்’ என்று மேடைதோறும் அவரைப் புகழ்கிறோம். அவர் எழுதியதைப் படித்தோமா என்பதே கேள்வி.

குறிப்பு இருப்பது வானியல் நூலில் அன்று. தாலமியின் சோதிட நூலுக்கு அவர் வரைந்த விரிவுரையில். கல்வி தொடங்கிய இளம்பருவத்தில் கண்ட காட்சி என்கிறார். விருச்சிகத்தின் 15ஆம் பாகை, சூரியனுக்கு நேரெதிர், வட்ட வடிவம், வெள்ளியைப் போல இரண்டரை அல்லது மூன்று மடங்கு, ஒளியோ நிலவொளியில் கால்பங்கிற்குச் சற்று மேல். ஆண்டைச் சொல்லவில்லை. ஆயினும் அன்றைய கோள்நிலைகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். அவற்றைக் கணக்கிட்டே பின்வந்தோர் நாளைக் கண்டறிந்தனர். ‘மிகப் பெரியது, வியப்பானது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அக்குறிப்பால் எவருக்கும் பயன் இராது.

அவர் ஆளும் சொல் ‘நைஸக்’. இன்றைய அரபியில் அது விண்கல். நம் மாணவர் அவ்வாறே பொருள் கொண்டு இடறுவர். ஈட்டியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லினின்று வந்த அது, அன்று வானில் திடீரெனத் தோன்றும் ஒளிகளைச் சுட்டியது. தாம் கண்டது ஒரு விண்மீன் என்று அவர் கூறவேயில்லை. போரும் பஞ்சமும் அதன் விளைவுகள் என்றே கருதினார். கிரகணம் எவருடைய மரணத்திற்காகவும் நிகழ்வதில்லை எனக் கற்ற சமூகம் இந்த ஆரூடத்தை ஏற்க வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை.

மறைவைப் பற்றிய அவர் கூற்றில்தான் மேலும் கவனம் தேவை. சூரியன் கன்னிக்கு வந்து 60 பாகைத் தொலைவை எட்டியதும் அது ஒரேயடியாக மறைந்தது என்கிறார். விண்மீன் அணைந்துவிடவில்லை. அது தென்கோடியில் இருந்ததால் எகிப்தில் சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்திற்குள் தானும் அடிவானில் இறங்கி, அந்தியொளியில் கரைந்தது. சீனர்கள் அதன்பின்னும் நெடுங்காலம் அதைக் கண்டனர். ஆக, இப்னு ரிள்வான் தந்தது ஒளிர்வின் அளவு. மங்கலின் வரலாறு அன்று.

மங்கலைச் சொன்னவர் இப்னு சீனா. ‘கிதாபுஷ் ஷிஃபா’வில், ஹிஜ்ரி 397இல் தோன்றிய ஓர் ஒளி ஏறக்குறைய மூன்று மாதம் நின்று, சிறிது சிறிதாக மங்கி மறைந்ததென்கிறார். முதலில் கருமையும் பசுமையும் கலந்த நிறம், பிறகு பொறி சிதறல், பின்னர் வெண்மை. அந்தச் சூப்பர்நோவா 396இல் தோன்றியதால் ஆண்டு முற்றிலும் பொருந்தவில்லை. எனினும் இரண்டும் ஒன்றே என அண்மைக்கால ஆய்வாளர் வாதிடுகின்றனர். அது ஏற்கத்தக்கதே என்பது என் கருத்து. வானுலகில் மாற்றமில்லை என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கையில் நின்ற இப்னு சீனா, அதை மேற்காற்று மண்டல நிகழ்வுகளோடு சேர்த்துவிட்டார். ஆனால் கொள்கைக்காக நிறத்தையோ நாள்கணக்கையோ திருத்தவில்லை.

இவ்விரு பகுதிகளும் சேர்ந்தாலும் ஓரிரு பக்கங்களே வரும். நம் அரபிக் கல்லூரிகளின் உரைநடைப் பாடத்தில் இவற்றைச் சேர்த்து, ‘நைஸக்’ என்ற சொல்லிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.