தொட்டறியும் கைகள்

அருங்காட்சியகம் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது 'தொடாதீர்கள்' என்ற எச்சரிக்கைப் பலகையே. பொருள்கள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும். நாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே நிற்போம். இம்மரபை மாற்றி, 'தொட்டுப் பாருங்கள், சுழற்றிப் பாருங்கள்' என்று வருவோரை அழைக்கும் இல்லம் ஒன்று நமக்கு அண்மையிலேயே உண்டு. திருநெல்வேலியில் 1987 முதல் இயங்கிவரும் மாவட்ட அறிவியல் மையமே அது. சென்ற விடுமுறையில் சிவகாசி வட்டாரத்துப் பங்கு மக்கள் நாற்பது பேருடன் அங்குச் சென்று வந்தேன். எட்டு வயதுச் சிறுமி முதல் எழுபதைக் கடந்த பெரியவர் வரை எங்கள் பேருந்தில் இருந்தனர்.

நூலை மதிப்பிடுவதுபோல் அருங்காட்சியகத்தையும் மதிப்பிடலாம் என்பது என் துணிபு. அதுவும் வாசிப்பதற்கென ஆக்கப்பட்டதே. கண்ணோடு கையும் சேர்ந்து வாசிக்கும் நூல் அது. எல்லா வயதினரையும் ஈர்ப்பதாகச் சொல்லப்படும் இத்தகைய இல்லங்கள் அதனை எவ்வாறு செய்கின்றன, எங்கே தவறவிடுகின்றன என்பதே இங்கு நம் கேள்வி.

இவ்வகை இல்லங்களுள் புகழ்பெற்றது, 1969-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் நிறுவிய எக்ஸ்புளோரட்டோரியம். அணுகுண்டு ஆக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் இளவல் இவர். தாமும் அப்பணியில் பங்கேற்றவர். உலகம் கண்டிராத பெருவெடிப்பை உருவாக்கிய கூட்டத்தில் ஒருவர், பின்னாளில் எளிய மக்கள் இயற்கையைத் தம் கையால் தொட்டு அறிய ஓர் இல்லம் திறந்தார் என்பது எண்ணத்தக்கது. நம் நாட்டில் 1959-இல் கல்கத்தாவில் தொடங்கிய பிர்லா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இத்துறையில் முன்னோடியாயிற்று. அதே கல்கத்தாவுக்குத்தான் 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கச் சென்றனர். சிவகாசியின் தொழிலும் தொட்டுக் கற்ற கைகளிலிருந்தே பிறந்தது.

மையத்தினுள் நுழைந்ததும் சிறுவர்கள் சிதறி ஓடினர். உருவத்தைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் ஆடிகளின் முன் சிரிப்பு அலையெழுந்தது. மகிழ்ச்சிதான், ஆயினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், சக்கரம் சுழலும் என்றிருக்கும் காட்சிகளில் சிறுவர் கை அழுத்துகிறது. சுழல்வதைக் காணுமுன் கால் அடுத்த பொத்தானுக்கு ஓடிவிடுகிறது. அறிவியல் கூடங்கள் பலவற்றிலும் நான் கண்ட காட்சி இது. கை இயங்கியது, கருத்து இயங்கவில்லை. அருகில் எழுதியுள்ள விளக்கமோ 'கோண உந்தம்' போன்ற கலைச்சொற்களால் நிறைந்து, படிக்கத் தெரிந்தவரையும் பின்வாங்கச் செய்கிறது. தொடுதல் வேறு, அறிதல் வேறு. தொட்டபின் மனத்தில் ஒரு கேள்வி எழாவிடில், அக்காட்சி விளையாட்டுப் பொருளாக நின்றுவிடும்.

கேள்வி எப்போது எழுகிறது? காணும் பொருள் காண்பவரின் வாழ்வைத் தொடும்போது. இளமையில் கமலை இறைத்த கரிசல்காட்டுப் பெரியவர் ஒருவர் எங்களுடன் வந்திருந்தார். அதுவரை ஓரமாக அமர்ந்திருந்தவர், கப்பிகளின் வழியாகக் கயிற்றை இழுத்துப் பாரம் தூக்கும் அமைப்பைக் கண்டதும் எழுந்து வந்தார். ஒற்றைக் கப்பியில் இழுத்தார். பல கப்பிகள் கோத்ததில் இழுத்தார். பின்பு சொன்னார்: "பாரம் குறையுது, ஆனா கயிறு அதிகம் இழுக்க வேண்டியிருக்கு. சும்மா கிடைக்கிறது ஒண்ணுமில்லை சாமி." ஆற்றல் அழிவின்மை என்று பாடநூல் பல பக்கங்களில் கூறுவதன் சாரம் இது. பேரனுக்கு அவரே விளக்கினார். பேரனும் ஓடாமல் நின்று கேட்டான்.

அன்று என்னை ஆழமாகத் தொட்ட நிகழ்ச்சி வேறொன்று. வான் டி கிராஃப் என்பாரின் பெயர் தாங்கிய மின்னாக்கியின் உலோகக் கோளத்தில் ஓர் இளம்பெண் கை வைத்ததும், அவள் தலைமயிர் சிலிர்த்து நின்றது. எல்லோரும் நகைத்தனர். நகைக்காத ஒரு தாய், பட்டாசு ஆலையில் பல ஆண்டுகளாக மருந்து செலுத்தும் பணி செய்பவர், மெல்லக் கேட்டார்: "சாமி, நைலான் சேலை கட்டி வரக்கூடாதுன்னு போர்மேன் சொல்றது இதுக்காகத்தானா?" ஆம், இதற்காகவே. செயற்கை இழை உராய்வதால் உடலில் தேங்கும் மின்னூட்டம் ஒரு சிறு பொறியாக வெளியேறினால் போதும், வெடிமருந்து பற்றிக்கொள்ளும். விதியை அவர் நாள்தோறும் கடைப்பிடித்து வந்தார். அதன் காரணத்தை அன்றுதான் அறிந்தார். சிறு வயதில் பள்ளி செல்லாமல் தீப்பெட்டி ஒட்டியவர் அவர். கூலிக்காக மட்டுமே பொருள்களைத் தொட்ட அந்தக் கை, அறிவதற்காகத் தொட அழைக்கப்பட்ட முதல் நாளாக அது இருந்திருக்கக்கூடும்.

இங்கேதான் இத்தகைய இல்லங்களிடம் நம் எதிர்பார்ப்பு கூடுகிறது. உலகப் பொதுவான காட்சிகள் நன்றே. அவற்றோடு அந்தந்த மண்ணின் உழைப்பும் அங்கே பேசப்படவேண்டும். வாணவேடிக்கையின் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு எனத் தீச்சுடரின் நிறங்களைக் கண்ணாடிக்கு அப்பால் காட்டலாம். உச்சநீதிமன்றம் 2018-இல் பேரிய உப்புகளை ஏன் விலக்கியது என்று சொல்லலாம். மருந்துக் கலவையை ஏன் காலைக் குளிர்ச்சியிலேயே முடிக்கவேண்டும், ஈரம் பட்ட அலுமினியக் கலவை ஏன் தானே சூடேறும் என்று விளக்கலாம். தொடக்கூடாததை ஏன் தொடக்கூடாது என அறிவதும் தொட்டறிதலின் ஒரு பகுதியே.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் பகுதி மறக்கவில்லை. உதவ ஓடி வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். தொழிலாளர் அறிவு பெற்றுவிட்டால் ஆலை நடத்துவோரின் கடமையும் அரசின் கண்காணிப்பும் தேவையில்லை என நான் கூறவில்லை. ஆனால் காரணம் அறிந்தவர், 'இது தவறு' என்று நிமிர்ந்து சொல்ல வலிமை பெறுகிறார். அறியாதவர் கட்டளைக்குப் பணிவதோடு நின்றுவிடுகிறார்.

ஐயுற்ற தோமாவை ஆண்டவர் விலக்கவில்லை. விரலை நீட்டித் தொட அழைத்தார் என்பது நாம் அறிந்த நற்செய்தி. தொட விரும்பும் கையை மதிப்பது மனிதரை மதிப்பதாகும். ஆகவே அன்பர்களே, சுற்றுலா செல்லும்போது கடற்கரையோடும் கடைவீதியோடும் திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளை இவ்வில்லங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஓரமாக அமர்ந்து பைகளைக் காத்துக்கொண்டிராமல், நீங்களும் எழுந்து தொட்டுப் பாருங்கள்.

திரும்பும் வழியில் பேருந்து சாத்தூரைக் கடந்தபோது இருட்டிவிட்டது. அந்தத் தாய் தம் மகளுக்கு நைலான் சேலையின் கதையை விளக்கிக்கொண்டிருந்தார்.