உருபு மறைந்த சோப்பு

இளங்கலை மாணவிகளுக்குத் தொகைநிலைத் தொடர் நடத்தும்போது இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதுவேன்: மரப்பெட்டி, பால்குடம். மரத்தால் செய்த பெட்டி. பாலை உடைய குடம். இரண்டிலும் உருபும் பயனும் மறைந்து நிற்கின்றன. பால்குடத்தைப் பாலால் செய்த குடம் என்று யாரும் விரிப்பதில்லை. குடம் எதனால் ஆனது என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். கேட்பவருக்குத் தெரிந்ததைத்தான் தொகை மறைக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்து, ஒரு கிலோ எடையுள்ள வெள்ளைக் கட்டியை என் மேசைமேல் வைத்தாள். உறையில் ‘ஆட்டுப்பால் சோப் பேஸ், 100% இயற்கை’ என்று இருந்தது. ஆட்டுப்பாலால் செய்ததா, ஆட்டுப்பாலைக் கொஞ்சம் உடையதா, ஆட்டுப்பாலைப் போல வெளுத்ததா? உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரித்துச் சொல்ல வழியில்லை.

அவள் வீட்டிலிருந்தே சோப்பு செய்து விற்கிறாள். கைக்குழந்தை தவழும் ஒற்றை அறையில் காஸ்டிக் சோடாவைக் கரைக்க முடியாது. செய்த சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் காயவைக்க இடமும் கிடையாது. அதனால் பேஸ் வாங்கித் துண்டு போட்டு, கொதிக்கும் தண்ணீர்மேல் பாத்திரத்தை வைத்து உருக்கி, மணமும் நிறமும் சேர்த்து அச்சில் ஊற்றுகிறாள். அவள் கையில் புரளும் முதல் சொந்தப் பணம் அது.

ஒரு வாடிக்கையாளரின் மகளுக்கு, குளித்த இரண்டாம் நாளே கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தடிப்பு வந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, சோப்பில் என்ன இருக்கிறது என்பதுதான். அந்தத் தாய் இவளிடம் கேட்டாள். இவள் பேஸ் விற்றவரிடம் கேட்டாள். ‘அதெல்லாம் கம்பெனி ரகசியம்மா. எல்லாம் நேச்சுரல்தான்’ என்றார் அவர். இவள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். தெருவில் கெட்ட பெயரும் வாங்கிக்கொண்டாள். ரகசியம் அவருக்கு, பழி இவளுக்கு.

இதில் எனக்கும் பங்கு உண்டு. அவள் விற்கும் சோப்பின் உறைக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவள் நான். ‘நாலு வரி எழுதித் தாங்கம்மா’ என்று கேட்டாள். ‘ரசாயனம் தீண்டாத இயற்கை, பாட்டியின் கைப்பக்குவம்’ என்று ஐந்து நிமிடத்தில் எழுதினேன். அடுத்தவர் கவிதையில் ஒரு பொய்ச்சொல் தட்டுப்பட்டால் பத்துப் பக்கம் எழுதுகிறவள், சேர்மானம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே விமர்சனத்தை என் வாசகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ‘ரசாயனம் தீண்டாத’. சோப்பு உருவாவதே ஒரு ரசாயன வினையால்தான். கொழுப்பும் காரமும் சேர்ந்து சோப்பும் கிளிசரினும் ஆகின்றன. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கையால் செய்கிறவர்கள் தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதில் 5 சதவீத அளவு குறைத்துப் போடுவார்கள். கணக்குச் சரியாக இருந்தால் முடிவில் காரம் மிஞ்சாது. ஆனால் அது இல்லாமல் சோப்பு இல்லை. எனவே நேர்மையாக எழுத இரண்டு வழிகள் உண்டு. போட்டதை எழுதலாம்: தேங்காய் எண்ணெய், தண்ணீர், சோடியம் ஹைட்ராக்சைடு. விளைந்ததை எழுதலாம்: சோடியம் கோகோயேட், கிளிசரின். எண்ணெயையும் பாலையும் எழுதிவிட்டுக் காரத்தை விழுங்கிவிடுவது இந்த இரண்டிலும் சேராது.

உருக்கி ஊற்றும் பேஸில் இன்னும் சில உண்டு. எளிதில் உருக புரொபிலீன் கிளைக்கால், சார்பிட்டால். பலவற்றில் நுரைக்காக சோடியம் லாரெத் சல்பேட். வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. பெரும்பாலோரின் தோலை இவை ஒன்றும் செய்வதில்லை. ஒத்துக்கொள்ளாத சிலருக்கோ அந்தப் பெயர் தெரிந்தாக வேண்டும். ஆட்டுப்பாலின் வெண்மை என்று நாங்கள் நம்பியது டைட்டானியத்தின் வெண்மையாகவும் இருக்கலாம்.

அடுத்து மணம். அதே கடையில் அவள் வாங்கிய சின்னப் புட்டியில் ‘மல்லிகை எசென்ஷியல் ஆயில்’ என்று இருந்தது. விலை 150 ரூபாய். மல்லிகையின் மணத்தைக் கரைப்பானில் ஊறவைத்துத்தான் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு கிலோ சாரத்துக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். சத்தியமங்கலத்திலும் மதுரையைச் சுற்றிலும் இருட்டோடு எழுந்து வந்து மொட்டுப் பறிக்கும் பெண்களின் கூலி அந்த 150 ரூபாயில் அடங்காது. புட்டியில் இருந்தது ஆலையில் செய்த வாசனை. அதைப் போட்டு விற்பது குற்றமில்லை. பூவின் பெயரையும் பறித்தவளின் உழைப்பையும் கடன் வாங்கி விற்பதுதான் குற்றம்.

உண்மையான தாவர எண்ணெயாக இருந்தாலும் பெயர் சொல்லும் கடமை தீராது. லாவெண்டரில் லினலூல் இருக்கிறது, ஆரஞ்சுத் தோலில் லிமோனீன் இருக்கிறது. இரண்டும் ஒவ்வாமை தரக்கூடியவை. ‘நறுமணம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவற்றை ஒளிக்கக் கூடாது என்று 2003இல் 26 மணப்பொருள்களைத் தனித்தனியே பெயர் சொல்லி எழுத வைத்தது ஐரோப்பிய ஒன்றியம். 2023இல் அந்தப் பட்டியல் 80க்கு மேல் நீண்டது.

‘இயற்கைப் பதப்படுத்தி’ என்று சோப்பும் கிரீமும் செய்கிறவர்களுக்கு உலகெங்கும் விற்கப்பட்ட கிரேப்ஃபுரூட் விதைச் சாறு இன்னொரு பாடம். 1999இல் ஜெர்மனியில் கடைச் சரக்கு ஆறை ஆய்ந்து பார்த்தார்கள். கிருமியைக் கொன்ற ஐந்திலும் பென்ஸெதோனியம் குளோரைடு என்ற செயற்கைப் பொருள் இருந்தது. அப்படி எதுவும் கலக்காத ஆறாவது, கிருமியை ஒன்றும் செய்யவில்லை. வேலை செய்தது ஒன்று, பெயர் வாங்கியது வேறொன்று. குடும்பங்களில் நாம் அறியாத கதையா இது?

‘இயற்கை’ என்ற சொல்லை மற்றவர்களைவிடப் பெண்கள் சந்தேகித்திருக்க வேண்டும். பொறுமை பெண்ணுக்கு இயற்கை, தாய்மை இயற்கை, அடங்கிப் போவது இயற்கை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எப்படிச் செய்யப்பட்டது, யார் செய்தார்கள் என்ற கேள்வி எழும் இடத்திலெல்லாம் இந்தச் சொல்லை வைத்து வாயை அடைத்திருக்கிறார்கள். என் வாசகத்தின் ‘பாட்டி’யும் அப்படித்தான். என் பாட்டி சோப்பு செய்ததே இல்லை. சீயக்காயையும் பாசிப்பயறையும் காயவைத்து மில்லில் அரைத்து வருவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அவளிடமிருந்து எடுத்திருக்க வேண்டியது அந்தப் பழக்கத்தை. நான் எடுத்தது அவள் படிமத்தை.

சிறிய அளவில் தொழில் செய்யும் பெண்களிடம் இவ்வளவு கறார் கூடாது என்று தோழிகள் சொல்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள், 1 சதவீதத்துக்கு மேலுள்ள சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் உறையில் எழுதச் சொல்கின்றன. சட்டத்தின் கண்ணில் அவளும் உற்பத்தியாளர்தான். உரிமமும் வாங்க வேண்டும். ஆனால் பேஸ் விற்றவர் சொல்லாததை அவள் எப்படி எழுதுவாள்? கறாரை அவர் கடை வாசலில் காட்ட வேண்டும். முழுப் பட்டியல் தராதவரிடம் சரக்கு எடுக்க மாட்டோம் என்று பத்துப் பெண்கள் சேர்ந்து சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அவள் இப்போது பட்டியல் தரும் வேறொருவரிடம் பேஸ் வாங்குகிறாள். விலை கொஞ்சம் கூடுதல். புது உறைக்கும் நான்தான் எழுதினேன். இம்முறை அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில், வரிசை மாறாமல். ‘ஆட்டுப்பால் சோப்பு’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு ‘ஆட்டுப்பால் சேர்த்த சோப்பு’ என்று போட்டோம். எத்தனை சதவீதம் என்பதும் இருக்கிறது: 2. ‘ரெண்டுதானா?’ என்று கேட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களாம். ‘போகட்டும்மா, கேட்டா சொல்ல முடியுது’ என்றாள்.

இந்தப் பருவத்தில் தொகைநிலைத் தொடர் நடத்தியபோது மரப்பெட்டி, பால்குடத்தோடு மூன்றாவதாக அந்தப் பழைய உறையையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். விரித்து எழுதச் சொன்னேன். நாற்பது பேரில் ஒரே மாதிரி எழுதியவர்கள் குறைவு.