முடிகிற விளையாட்டு

திருநகர் மூணாவது ஸ்டாப் பக்கம் ஒரு டீக்கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் பெஞ்சில் நாலு பையன்கள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். "டேய், கவர் குடுறா." "மாப்ள, நாக் ஆயிட்டேன், வந்து எழுப்பு." பிஜிஎம்ஐ. அதில் ஒருத்தன் எங்கள் அக்கா மகன். போன மாசம் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, லேப்டாப்பில் 'வெண்பா'வைப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அவ்ளோதானா மாமா? இதுக்கா காசு குடுத்தீங்க? பிஜிஎம்ஐ ஃப்ரீ."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையே அந்தப் பதில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'வெண்பா' 2023 ஜூலையில் வந்தது. செய்தது டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு. 1980களில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம்: வெண்பா, பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லித் தட்டு அடுக்குவது. ஒரு தட்டின் இட்லிக்கு நேர் மேலே அடுத்த தட்டின் ஓட்டை வர வேண்டும், இல்லாவிட்டால் ஆவி ஏறாது. நம் வீட்டில் யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை, கை பார்த்துக் கை பழகியது. அதைப் புதிராக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதைத்தான் நான் கைத்திறன் என்பேன். 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது இதற்குக் கிடைத்தது. குறை இல்லாமலில்லை. பாவலன் பாத்திரம் நிற்கவே இல்லை, பின்பாதி அவசரம்.

பிஜிஎம்ஐயில் மட்டும் திறன் இல்லையா? இருக்கிறது. காலடிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கும். ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு மாதிரி உதைக்கும். அதே நுணுக்கம் க்ரேட் திறக்கிற அந்த இரண்டு விநாடியிலும் இருக்கிறது: ஒளி, சத்தம், என்ன விழும் என்கிற படபடப்பு. சீசன் முடிந்தால் ரேங்க் இறங்கும், மறுபடி ஏற வேண்டும். ஃப்ரீயாகக் கொடுத்த பொருள், காசு போடுகிற சிலரை நம்பியே பிழைக்கிறது. அதனால் அது முடியவே கூடாது. 2021இல் இது வந்தபோது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள்: நாளைக்கு 3 மணி நேரம், செலவு 7,000 ரூபாய். ஒரு நாளைக்கு, ஒரு பிள்ளைக்கு! இது கட்டுப்பாடு.

அப்படியானால் க்ராஃப்டன் லாபப் பேய், சின்னக் கம்பெனிகள் எல்லாம் கலைக் கோயில் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். டேங்கோ கேம்வொர்க்ஸ் என்ற ஜப்பானியக் குழு 2023இல் 'ஹை-ஃபை ரஷ்' செய்தது. தாளத்துக்கு அடிக்கிற சண்டை, அபார வேலை. பாராட்டு, விருது எல்லாம் வந்தது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்தக் குழுவையே மூடப்போவதாக அறிவித்தது. 'வெண்பா'வை வெளியான அன்றே தன் கேம் பாஸில் ஏற்றிய அதே மைக்ரோசாஃப்ட். ஆகஸ்டில் டேங்கோவை வாங்கிக் கரையேற்றியது யார் தெரியுமா? க்ராஃப்டன். நம்ம டீக்கடை பெஞ்சு விளையாட்டின் முதலாளி. அதே க்ராஃப்டன் 2025 ஜூலையில் 'சப்நாட்டிகா' செய்த குழுவின் தலைமையை நீக்கியது. 25 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒரு தொகையை முன்வைத்து அவர்கள் வழக்குப் போட்டார்கள்.

கம்பெனிக்கு மனசு இருக்கிறதா என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். பணம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று மட்டும் பார்க்கிறேன். ஒரே தடவை விற்றுவிட்டுப் போகிறவனுக்கு, அந்த ஒன்றரை மணி நேரம் நன்றாக இருந்தால் போதும். 'வெண்பா' முடிந்ததும் நம்மை வெளியே போகவிட்டது. அதற்காகத்தான் காசு கொடுத்தேன் என்று பையனிடம் சொன்னேன்.

"என்னமோ போங்க மாமா," என்றான். அன்று ராத்திரி அடுப்படியில் சத்தம் கேட்டது. "அம்மாச்சி, இரு இரு, அந்தத் தட்டைத் திருப்பி வை." எங்கள் அம்மாவுக்கு ஒரே கோபம். "நாப்பது வருசமா வெக்கிறேன், எனக்குச் சொல்லித் தர்றியாக்கும்?"