குங்குமத்தின் பேரில்

2025 மே 7 அதிகாலை பாகிஸ்தானிலும் அதன் வசமுள்ள காஷ்மீரிலும் இந்தியா நடத்திய தாக்குதலுக்கு ‘ஆபரேஷன் சிந்தூர்’ என்று பெயர். அதன் இலச்சினையில் ‘ஓ’ எழுத்து ஒன்று குங்குமக் கிண்ணமாகிச் சிந்திக் கிடக்கிறது. இதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். பஹல்காமில் 26 பேரைக் கொன்றது பயங்கரவாதம். அதற்கு அரசு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்தப் பெயர் குடிமக்கள் மீதான குற்றத்தை மனைவிமாரின் நெற்றிக்கு நேர்ந்த இழப்பாகச் சுருக்கிவிடுகிறது. (பூவும் பொட்டும் போனவளை நல்ல காரியங்களில் ஒதுக்கி வைக்கும் சமூகத்துக்கு அந்த நெற்றி மீது திடீரென எவ்வளவு கரிசனம்!) அங்கே பயணிகளைக் காக்க முயன்று இறந்த குதிரைக்காரர் காஷ்மீரி முஸ்லிம். அவர் வீட்டுப் பெண்களின் துக்கத்துக்கு இந்தப் பெயரில் இடமே இல்லை.

விதவைகளின் பேரில் பதிலடி என்றால் அவர்கள் பேச்சுக்கும் மதிப்பு இருக்க வேண்டுமல்லவா? கொல்லப்பட்ட கடற்படை அதிகாரியின் மனைவி, தாக்குதலுக்குச் சில நாட்கள் முன்பே பேசினார். நீதி வேண்டும், ஆனால் முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் பாயாதீர்கள் என்றார். அதற்குப் பிறகு அவர் மீது கொட்டப்பட்ட வசையைத் தேசிய மகளிர் ஆணையமே கண்டிக்க வேண்டியதாயிற்று.

தாக்குதலைப் பத்திரிகையாளர்களுக்கு விளக்க இரண்டு பெண் அதிகாரிகளை முன்னிறுத்தினார்கள். அவர்களில் ஒருவரான கர்னல் சோஃபியா குரேஷியைப் பயங்கரவாதிகளின் சகோதரி என்னும் தொனியில் மத்தியப் பிரதேச அமைச்சர் ஒருவர் மேடையில் பேசினார். உயர் நீதிமன்றம் வழக்குப் பதியச் சொன்னது. மே 10 அன்று சண்டை நின்றது. அதை அறிவித்த வெளியுறவுச் செயலரைத் திட்டக் கிளம்பியவர்கள், அவருடைய மகளையும் விட்டுவைக்கவில்லை.