கலைக்களஞ்சியமும் எழுவகை மதமும்

தமிழிற் கலைக்களஞ்சியம் தொகுக்கும் முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902 இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910 இலும் வெளிவந்தன. பின்னர்ப் பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இத்தகைய நூல்களில் எழுதுவோர்க்கும் திருத்துவோர்க்கும் இடையே எழும் கருத்து வேறுபாடுகள் அச்சேறுமுன்னரே தீர்ந்துவிடும். படிப்போர் அவற்றை அறியார். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இந்நிலையை மாற்றியது. எழுத விழைவார் எவரும் அதில் எழுதலாம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். நீக்கியதும் மீட்டதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய வரலாற்றுப் பக்கத்திலும், வழக்காடியது உரையாடற் பக்கத்திலும் பதிவாகி நிற்கின்றன. பதிப்பறைக்குள் அடங்கிய பூசல் இன்று ஊரறிய நிகழ்கின்றது. அதிற் பெரிதும் அகப்படுவோர் புதிதாக எழுதப் புகுந்தோரே. அவர்தம் பூசலின் இயல்பைத் திறனாய்வு நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல் செய்வான் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் நெறியை நன்னூற் பாயிரம் எழுவகை மதமாக வகுத்துரைக்கின்றது. உடன்படல், மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைதல், தானொன்றை நாட்டி அதனை நிறுவுதல், இருவர் மாறுபட்டவழி ஒன்றனைத் துணிதல், பிறர் நூற் குற்றம் காட்டல், பிறர் கொள்கையொடு சாராது தன் கொள்கையே கொள்ளல் என்பன அவை. இவற்றுள் நான்காவதனையும் ஏழாவதனையுமே நாம் ஆய்வு மாணவர்க்குச் சிறப்பாகக் கற்பிக்கின்றோம். தானொன்றை நாட்டாத ஆய்வேடு பட்டத்துக்குத் தகுதி பெறுவதில்லை. விக்கிப்பீடியாவோ இவ்விரண்டனையும் விலக்குகின்றது. முன்னரே வெளியாகிப் பிறர் சரிபார்த்தற்குரிய சான்றுடைய செய்தியே அதன்கண் நிற்கும். எழுதுவோர் தாமே கண்டறிந்த முடிபுக்கு இடமில்லை. ஐந்தாவதனையும் அது எளிதில் ஏலாது. அறிஞர் இருவர் மாறுபடின் இருவர் கருத்தையும் எடுத்துரைத்து அமைதலே அதன் நடுநிலை. கனடா நாட்டு நகரொன்றை ஈழத்தமிழர் 'ரொறன்ரோ' என்றும் தமிழகத்தார் 'டொராண்டோ' என்றும் எழுதுவர். தமக்குப் பழகிய வடிவே தமிழ் எனக் கருதி மற்றதைத் திருத்தப் புகும் புதியவர் பூசலுக்கு வித்திடுகின்றார். ஆதலின், நன்கு கற்றவரும் ஈண்டு இடறுதல் இயல்பே. அவர் பயின்ற நூல்வகை வேறு. புகுந்த நூல்வகை வேறு.

இதனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். திருவள்ளூர் மாவட்டத்திற் பழவேற்காட்டு ஏரியை அடுத்துச் சுண்ணாம்புக்குளம் என்னும் ஊர் உள்ளது. அப்பகுதி மீனவர் குடியிற் பிறந்த மாணவி ஒருத்தி தன் ஊரைப் பற்றி எழுதப் புகுவதாகக் கொள்வோம். ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தமையால் ஊர் இப்பெயர் பெற்றது என்று அவள் எழுதுகின்றாள். பழகிய பயனர் ஒருவர் 'சான்று இல்லை' என நீக்குகின்றார். அவள் மீட்கின்றாள், அவர் மீண்டும் நீக்குகின்றார். எம் ஊர்ப் பெயரை எமக்குக் கற்பிக்க இவர் யார் என்பது அவள் வினா.

ஊர்ப்பெயர் ஆய்வில் எளிதிற் புலப்படும் பொருளே நம்மை ஏமாற்றவல்லது. அவ்வேரியின் பெயரையே நோக்குக. பழவேற்காடு என்பது ஆங்கிலத்திற் 'புலிக்காட்' எனத் திரிந்து வழங்குகின்றது. திரிந்த வடிவை மட்டும் அறிந்த ஒருவர், புலிகள் உலவிய காடு எனப் பொருள் கூறுதல் அரிதன்று. ஓசை பொருந்துதலின் கேட்போரும் ஐயுறார். சான்று கேட்கும் விதி இல்லையேல் இத்தகைய பொருள் பள்ளிப் பிள்ளைகளின் ஏடு வரை சென்று நிலைத்துவிடும். கிளிஞ்சற் சுண்ணாம்பு பற்றிய அவள் கூற்று உண்மையாகவே இருக்கலாம். எனினும் சான்று கேட்டவர் பக்கம் நியாயம் உண்டு என்பதை மறுத்தற்கில்லை.

அடுத்து அவள் ஏரியின் 'பாடு' முறையைப் பற்றி எழுதுகின்றாள். மீன்பிடிக்கும் இடங்களை உரிமையுடையோர் முறைவைத்து மாறி மாறிப் பெறும் ஏற்பாடு அது. அம்முறைப்படி வலையிட்ட தந்தையின் வாய்மொழியே அவள் காட்டும் ஆதாரம். அதுவும் நீக்கப்படுகின்றது. பாடு முறையைப் பற்றி ஆங்கில ஆய்விதழ்களிற் கட்டுரைகள் வந்துள்ளன. அவற்றைக் காட்டின் அதே செய்தி நிற்கும். அக்கட்டுரையாளர் கேட்டறிந்ததோ ஏரிக்கரை மீனவரிடமே. மீனவர் சொல் ஆங்கிலமாய் அச்சேறித் திரும்பும்போது சான்றாகின்றது. அவர் மகள் வாயிலாகத் தமிழில் வரும்போது சான்றாகாது ஒழிகின்றது. அவள் மனம் நோவதில் வியப்பில்லை.

எனினும் மறுபுறமும் நோக்கல் வேண்டும். பாடு உரிமை பட்டினவர் மரபினர்க்கு உரியதாக வழங்கிவந்தது. ஏரியை நம்பி வாழும் பிறர்க்கு அதிற் பங்கில்லாமையாற் பிணக்குகள் எழுந்தன. ஆதலின் 'எம் ஊர் வழக்கம்' என்பது ஒரு செய்தியாதலோடு உரிமைக் கூற்றாகவும் அமைகின்றது. உரிமை பெற்றார் கூற்று மட்டும் ஏறின், பெறாதார் கூற்று மறைந்துபோம். சான்று கேட்டலை வெறும் சட்டப் பிடிவாதம் என ஒதுக்குதல் இதனாலும் தகாது.

அங்ஙனமாயின் குறை யாண்டுள்ளது எனின், மறுக்கும் முறையில் உள்ளது என்க. சேனாவரையர் தம் சொல்லதிகார உரையில் இளம்பூரணர் கருத்தை மறுக்குமிடத்து, அக்கருத்தை எடுத்துக்கூறி அது பொருந்தாமைக்குக் காரணமும் காட்டுவர். பரிமேலழகரும் பிறருரையைச் சுட்டியே மறுப்பர். அதனால் மறுக்கப்பட்ட கருத்தையும் நாம் இன்று அறிகின்றோம். மறுத்தல் ஒரு மதம். காரணம் விளக்காது நீக்குதல் எழுவகையுள் எதனுள்ளும் அடங்காது. எத்தகைய சான்று வேண்டும், அதனை எங்குத் தேடலாம் என உரையாடற் பக்கத்தில் இரண்டு வரி எழுதின், அம்மாணவி விலகிச் செல்லாள். புதியவர்க்கும் கடன் உண்டு. நீக்கியதை வாளா மீட்டல் வாதமாகாது. ஒருவர் ஒரு பக்கத்தில் 24 மணி நேரத்துள் மும்முறைக்கு மேல் மீட்டலை ஆங்கில விக்கிப்பீடியா தடுப்பதும் இதுபற்றியே.

இப்பூசலில் மூன்றாமவரும் உளர். அவர் தமிழ்த்துறையினராகிய நாமே. மாணவி சான்று காட்ட இயலாமைக்குக் காரணம், அவள் அறிந்தது தமிழில் அச்சேறாமை. ஏரிக்கரை ஊர்களின் பெயர் வழக்குகள், வலை வகைகள், காற்றின் பெயர்கள், பாடு முறையின் விதிகள் ஆகியவற்றைச் சொன்னார் ஒப்புதலோடு, ஊரும் நாளும் குறித்து, உரிமையுடையார் இல்லார் ஆகிய இருசாரார் கூற்றையும் தொகுத்து வெளியிடுதல் தமிழ்த்துறைகளின் பணியாகும். தானொன்றை நாட்டுதற்கு உரிய இடம் ஆய்விதழ். நாட்டப்பெற்றதைத் தொகுத்தற்கு உரிய இடம் கலைக்களஞ்சியம். முன்னதன் வாயிலை நாம் திறவாதிருந்து, பின்னதன் வாயிலில் நிற்பாரைக் குறைகூறுதல் முறையன்று. சுண்ணாம்புக்குளத்து மாணவியின் கட்டுரையை முதலில் வேண்டிப் பெறற்குரியார் நாமே என்பது எம் துணிபு.