எட்டயபுரத்துச் சங்கராபரணம்

கர்நாடக சங்கீதம் கடலோரத்து ஆட்களுக்கு எட்டாது என்று யாராவது சொன்னால், அவரைப் பிடித்து உட்காரவைத்து முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரங்களைப் போட்டுக் காட்டுவேன். கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்திருக்கிறார் மனுஷன்! ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டேதான். தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலில் கொயர் பாட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு அதில் அந்நியமாக எதுவுமே இல்லை. வளைவு நெளிவில்லாமல் நேராக வந்து விழும் ஸ்வரங்கள். ராகம் சங்கராபரணமாம், நாங்கள் மேஜர் ஸ்கேல் என்போம்.

பிறகு, அதே தீட்சிதர் அதே ராகத்தில் செய்த ‘அக்ஷயலிங்க விபோ’வை டி.கே. பட்டம்மாள் குரலில் கேட்டேன். ஆடிப்போய்விட்டேன். அதே ஏழு ஸ்வரங்கள்தான், ஆனால் எத்தனை அசைவு! ரிஷபம் குலுங்குகிறது, காந்தாரம் மத்தியமத்தை உரசிக்கொண்டு இறங்குகிறது. மிஸ்ர சாபு தாளத்தில், நங்கூரம் பாய்ச்சிய பெருங்கப்பல் அலையில் அசைகிற நிதானம். இந்த அசைவைத்தான் கமகம் என்கிறார்கள்; அது என்னவென்று எந்தப் பாடமும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. வேகமான பாட்டுத்தான் பாட்டு என்றிருந்தவனை அந்தச் சௌக்க காலம் கட்டிப்போட்டது.

இத்தனையும் செய்தவர் கண்மூடியது எங்கள் மாவட்டத்தில்! தூத்துக்குடியிலிருந்து மதுரைச் சாலையில் குறுக்குச்சாலை தாண்டிப் போனால் கரிசல் நடுவே எட்டயபுரம். 1835 தீபாவளியன்று தீட்சிதர் அங்கேதான் காலமானார், சமாதியும் அங்கேதான். பாரதி பிறந்த ஊர் என்று போகிறவர்கள் இங்கேயும் கட்டாயம் எட்டிப்பார்க்க வேண்டும். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்வான்; ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடி. கொயரில் கேட்ட அதே வயலின்!

அந்தக் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ இருக்கிறதே, அது என்ன சாதாரணப் புத்தகமா? எந்த ஸ்வரம் குலுங்க வேண்டும், எது வழுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி போட்டு வைத்திருக்கிறார். தெலுங்கு எழுத்தில் வந்ததைச் சென்னை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்திலும் கொண்டுவந்துவிட்டது. நூலகத்தில் கிடைத்தால் சங்கராபரணப் பகுதியைப் பிரியுங்கள். பக்கத்தில் ஒரு பாட்டையும் ஓடவிட்டு, குறிகளின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே கேளுங்கள்.