துயில் நீங்கிய சிறுவன்

மாயக்கதை என்றாலே முகஞ்சுளிக்கும் பெற்றோரை வானகரத்தில் நாம் காண்கிறோம். குகைத் தோழர்கள் 309 ஆண்டுகள் துயின்றதைத் திருமறையில் ஓதுவோர் வியப்புக்கு அஞ்சலாமோ? அது இறைவாக்கு, கதையோ கற்பனை. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் அறிந்தால் போதும்.

2004 முதல் 2007 வரை சன் தொலைக்காட்சியில் வந்த ‘மை டியர் பூதம்’ நம் இல்லங்களையும் கவர்ந்தது. மூசா என்னும் பூதத்தின் நட்பு இனிது. ஆயினும் முயற்சியின் இடத்தை மந்திரம் பிடித்துக்கொண்டது குறையே.

61 பகுதிகள் கொண்ட அமெரிக்கச் சித்திரத் தொடரான ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ (2005–2008) அக்குறையைத் தீர்க்கிறது. பனிப்பாறையுள் நூறாண்டு உறங்கி விழித்த ஆங் என்னும் சிறுவன், தன் இனத்தாரில் ஒருவரையும் காணான். கட்டாரா, சொக்கா என்னும் உடன்பிறந்தார் தோழராகின்றனர். காற்றை ஆளும் அவன், நீரையும் நிலத்தையும் நெருப்பையும் ஆசான்களிடம் பயின்றே ஆளக் கற்கிறான். இறுதியில் பகைவனைக் கொல்லாது, அவன் ஆற்றலை மட்டும் நீக்குகிறான். சொக்காவின் குறும்போ வீட்டையே நகைக்கச் செய்யும்.

இத்தொடரின் அடித்தளமான மறுபிறவிக் கொள்கை நம் அகீதாவுக்கு உடன்பாடன்று. அதற்காகத் தொடரையே விலக்க வேண்டா. பிள்ளைகளுடன் அமர்ந்து பார்த்து, அவ்விடத்தில் நிறுத்தி விளக்குக. அதுவும் கல்வியே.